வரைபடத்தில் தமிழ்ப் பெயர்கள் தெளிவாகத் தெரிய: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மலேசியாவின் பினாங்கிலுள்ள ஜார்ஜ்டவுனில் தைப்பூச இரத ஊர்வலம் செல்லும் பாதையையும், வழியெங்கும் அமையும் தண்ணீர்ப்பந்தல்களையும் காட்டும் தமிழ் வரைபடம் ஒன்றை நண்பர்கள் சிலர் சேர்ந்து கியூஜிஐஎஸ் என்ற வரைபட மென்பொருளில் தயாரித்தோம். பாதையை வரைய ஒரு மாலைப் பொழுது போதுமானதாக இருந்தது. பெயர்களை ஒழுங்காக எழுதி முடிக்க மூன்று வாரங்கள் ஆயின. அதன்பின் தங்கள் ஊருக்கும் கோயிலுக்கும் பள்ளிக்கும் இத்தகைய வரைபடம் செய்ய முனைந்தவர்கள் எங்களிடம் கேட்ட கேள்விகளும், அவற்றுக்கு நான் அளித்த விடைகளும் கீழே உள்ளன. மென்பொருள் ‘லேபிள்’ என்று குறிப்பிடுவதைத்தான் பெரும்பாலான இடங்களில் ‘பெயர்’ என்று எழுதியிருக்கிறேன்.

எந்த மென்பொருளைப் பயன்படுத்துவது?

நாங்கள் பயன்படுத்துவது கியூஜிஐஎஸ். 2002ஆம் ஆண்டு தொடங்கப்பட்ட இந்தத் திறந்த மூல மென்பொருளுக்குக் கட்டணம் இல்லை. விண்டோஸ், மேக், லினக்ஸ் மூன்றிலும் இயங்கும். தெருக்களுக்கான தரவை, தன்னார்வலர்கள் சேர்ந்து உருவாக்கும் இலவச உலக வரைபடமான ஓப்பன்ஸ்ட்ரீட்மேப்பிலிருந்து எடுத்துக்கொள்ளலாம். வேறு மென்பொருள் வைத்திருப்பவர்களுக்கும் கீழே உள்ளவற்றுள் பெரும்பகுதி பொருந்தும். பெட்டிகளின் பெயர்கள் மட்டும் மாறும்.

தரவில் இருக்கும் பெயர்களையெல்லாம் எழுதினால் என்ன?

எங்கள் முதல் பதிப்பில் அதைத்தான் செய்தோம். தெரு, சந்து, வங்கி, உணவகம், பேருந்து நிறுத்தம் என நூற்றுக்கும் மேற்பட்ட பெயர்கள் ஒரே ஏ3 தாளில் நெருக்கியடித்துக்கொண்டு நின்றன. கணினித் திரையில் அது நிறைவான வரைபடமாகவே தோன்றியது. தைப்பூசத்துக்கு முந்தைய நாள் இரவு ஜாலான் உத்தாமாவில் ஒரு தெருவிளக்கின் கீழ், மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டுத் தாளைக் கண்ணுக்கருகே பிடித்திருந்த ஒரு பாட்டி, “தம்பி, நான் இப்ப எங்க நிக்கிறேன்?” என்று கேட்டார். எங்கள் குழுவைச் சேர்ந்த ஒருவரே அந்தத் தாளில் ஜாலான் உத்தாமாவைக் கண்டுபிடிக்க அரை நிமிடம் விரலால் துழாவினார். பெயர் தாளில் இருந்தது. ஆனால் ஒரு வங்கியின் பெயருக்கும் ஒரு பெட்ரோல் நிலையத்தின் பெயருக்கும் நடுவில் அதே அளவில், அதே கறுப்பில் இருந்தது.

அடுத்த பதிப்பில் ஒவ்வொரு பெயரையும் ஒரு கேள்விக்கு உட்படுத்தினோம்: இரவில், கூட்டத்தில், இந்த முனையில் நிற்பவருக்கு இந்தப் பெயர் எதற்கு? ஊர்வலப் பாதையிலுள்ள சாலைகள், அவற்றைக் குறுக்கிடும் முக்கியச் சாலைகள், கோயில்கள், பந்தல்கள், கழிப்பறைகள், முதலுதவி நிலையங்கள் ஆகியவை தங்கின. வங்கிகள் போயின. பகலில் கண்ணுக்குத் தெரியும் பெரிய கட்டடங்கள் சிலவற்றை மட்டும் அடையாளத்துக்காக மெல்லிய சாம்பல் நிறத்தில் வைத்துக்கொண்டோம்.

அளவைக்கும் இதற்கும் தொடர்பு உண்டா?

நிறைய உண்டு. லெபோ பினாங் (மலாயில் ‘லெபோ’ என்றால் தெரு) தொடங்கித் தண்ணீர்மலை வரை நேர்கோட்டில் ஏறத்தாழ 5 கிலோமீட்டர். 42 சென்டிமீட்டர் அகலமுள்ள ஏ3 தாளில் அது அடங்க வேண்டுமானால் 1:12,500 என்ற அளவை வேண்டும்; அதாவது தாளில் 1 சென்டிமீட்டர் நிலத்தில் 125 மீட்டர். ‘லெபோ பாசார்’ என்ற பெயர் 9 புள்ளி (எழுத்தின் அளவைக் குறிக்கும் அலகு) எழுத்தில் ஏறத்தாழ இரண்டரை சென்டிமீட்டர் நீளும். அந்த அளவையில் அது நிலத்தில் 300 மீட்டருக்கு மேல். லெபோ குயின், லெபோ கிங், லெபோ பினாங் ஆகிய மூன்று குறுக்குத் தெருக்களையும் அந்த ஒரு பெயரே தாண்டிவிடும். எழுத்தைச் சிறிதாக்கி இதைச் சரிசெய்ய முயல்வது வீண். பழைய நகரப் பகுதியைத் தனியே 1:5,000 அளவையில் தாளின் பின்பக்கத்தில் அச்சிட்டோம். யுனெஸ்கோ 2008ஆம் ஆண்டு உலக மரபுடைமைப் பட்டியலில் சேர்த்த ஜார்ஜ்டவுனின் மையப் பகுதி 109.38 ஹெக்டர் மட்டுமே. சதுரமாக எண்ணிப் பார்த்தால் பக்கத்துக்கு ஒரு கிலோமீட்டரைச் சற்றே மிஞ்சும். 1:5,000 அளவையில் அது 21 சென்டிமீட்டர் ஆவதால் ஏ3 தாளில் தாராளமாக இடம் கிடைத்தது.

சாலைப் பலகையில் இருக்கும் பெயரை எழுதுவதா, நாம் வழங்கும் பெயரை எழுதுவதா?

இதில் எங்களுக்குள்ளேயே கருத்து வேறுபாடு இருந்தது. இறுதியில் இடத்துக்கு ஏற்ப முடிவெடுத்தோம். புக்கிட் பெண்டேராவை நம்மவர் கொடிமலை என்கிறார்கள். அருள்மிகு பாலதண்டாயுதபாணி ஆலயம் இருக்கும் இடத்தைத் தண்ணீர்மலை என்கிறார்கள். இந்தப் பெயர்கள் பேச்சில் உயிரோடு இருக்கின்றன. எனவே அவற்றையே பெரிதாக எழுதி, மலாய்ப் பெயரைச் சிறிதாகக் கீழே தந்தோம். லெபோ பாசாரின் நிலை வேறு. அதைக் கடைத்தெரு என்று அழைத்த தலைமுறை சுருங்கிவிட்டது. பலகையைப் பார்த்து வழி தேடும் இளையவர்களுக்கு அந்தப் பெயரால் பயனில்லை. ஆகவே அங்கே மலாய்ப் பெயரைத் தமிழ் எழுத்தில் எழுதினோம். கடைத்தெரு என்ற பெயரை அறவே விட்டுவிட எனக்கு மனம் வரவில்லை. பின்பக்கப் பெரிய வரைபடத்தில் அடைப்புக்குறிக்குள் அது இருக்கிறது.

எதை முடிவு செய்தாலும் எழுத்துக்கூட்டலை ஒரு முறை தீர்மானித்து எழுதி வைத்துவிடுங்கள். லெபோ, லெபு, லெபூ என மூன்று வடிவங்களும் ஒரே தாளில் இருந்தால் படிப்பவர் அவற்றை மூன்று வெவ்வேறு சொற்களாக எண்ணக்கூடும். ஜாலான், லோரோங், சுங்கை, கம்போங், தாமான் போன்ற பொதுச் சொற்களுக்கு இங்குள்ள தமிழ் நாளிதழ்களில் வழங்கும் வடிவத்தையே கொள்வது நல்லது.

தமிழையும் மலாயையும் சேர்த்து எழுதச் சொன்னால் பாதிப் பெயர்கள் மறைந்துவிடுகின்றன. ஏன்?

இதுதான் எங்களிடம் மிக அதிகமாகக் கேட்கப்படும் கேள்வி. ஓப்பன்ஸ்ட்ரீட்மேப் தரவில் ‘நேம்’ என்ற புலத்தில் (தரவு அட்டவணையின் ஒரு பத்தி) உள்ளூர்ப் பெயரும், ‘நேம்:டிஏ’ என்ற புலத்தில் தமிழ்ப் பெயரும் இருக்கும். இரண்டையும் இரட்டைக் கோட்டுக் குறியால் (||) இணைத்து எழுதினால், தமிழ்ப் பெயர் இல்லாத இடங்களில் வெற்று மதிப்பு வரும். அந்தக் குறியைப் பொறுத்தவரை வெற்றோடு எதைச் சேர்த்தாலும் விடை வெற்றே. ஆகவே மலாய்ப் பெயர் இருந்தும் அந்த இடத்தில் எதுவும் அச்சாகாது.

இதற்கு இரண்டு வழிகள் உள்ளன. தமிழ் இருந்தால் தமிழ், இல்லையேல் மலாய் என்று ஒன்றை மட்டும் காட்ட விரும்பினால் ‘கோயலெஸ்’ என்ற செயற்கூற்றுக்குள் இரு புலங்களையும் அதே வரிசையில் கொடுக்க வேண்டும். அது வெற்றல்லாத முதல் மதிப்பை எடுத்துக்கொள்ளும். இரண்டையும் சேர்த்துக் காட்டுவதானால் ‘கன்கேட்’ செயற்கூற்றைப் பயன்படுத்த வேண்டும். அது வெற்று மதிப்பைக் காலிச் சொல்லாகக் கருதி மற்றதை விட்டுவைக்கும். இரு மொழிகளும் ஒரே அளவில் அடுத்தடுத்த வரிகளில் நிற்பது கண்ணுக்குச் சண்டையாகத் தோன்றும். முதல் வரி 9 புள்ளி, இரண்டாம் வரி 6.5 புள்ளி என வேறுபடுத்துங்கள். எச்டிஎம்எல் வடிவமைப்பை அனுமதிக்கும் பெட்டியைத் தேர்ந்தெடுத்தால் புதிய பதிப்புகளில் ஒரே பெயருக்குள் இதைச் செய்யலாம்.

எந்த எழுத்துரு நல்லது?

யூனிகோடு எழுத்துரு என்பது முதல் நிபந்தனை. பழைய குறியாக்கங்களில் தட்டச்சு செய்த பட்டியல் உங்களிடம் இருந்தால், முதலில் அதை யூனிகோடுக்கு மாற்றிவிட்டு வரைபட வேலையைத் தொடங்குங்கள். மேக் கணினியோடு வரும் இணைமதி எழுத்துரு நம் நாட்டு முத்து நெடுமாறன் வடிவமைத்தது; தலைப்புக்கு அழகாக இருக்கும். விண்டோஸில் நிர்மலா யூஐ இருக்கிறது. நான் வரைபடத்துக்கு விரும்புவது நோட்டோ சான்ஸ் தமிழ். மெல்லியதிலிருந்து மிகத் தடித்தது வரை பல தடிப்புகளும், ஒடுங்கிய வடிவங்களும் ஒரே குடும்பத்தில் கிடைப்பதே காரணம். தெருப்பெயருக்கு ஒடுங்கிய வடிவமும் வட்டாரப் பெயருக்கு இயல்பான அகலமுள்ள வடிவமும் எடுத்தாலும் எல்லாம் ஒரே கையெழுத்துப் போலத் தெரியும்.

கோடுகளின் தடிப்பு பெரிதும் மாறும் அலங்கார எழுத்துருக்கள் சிறிய அளவில் உதவா. மெல்லிய கோடு அச்சில் மறைந்து ‘ண’ ‘ன’ ஆகிவிடும்.

எத்தனை புள்ளி அளவில் எழுதலாம்?

உரோம எழுத்துகளுக்கு 6 புள்ளி வரை இறங்கலாம் என்று பல கையேடுகள் சொல்லும். அந்த அறிவுரையை அப்படியே தமிழுக்கு எடுத்துக்கொள்ளக் கூடாது. ஒரு புள்ளி 0.35 மில்லிமீட்டர், ஆகவே 6 புள்ளி என்பது 2.1 மில்லிமீட்டர். அந்த உயரத்துக்குள்தான் ‘ணு’வின் சுழிகளும், ‘கீ’யின் கொக்கியும், மெய்யின் மேல் நிற்கும் புள்ளியும் இடம்பிடிக்க வேண்டும். மை சற்றே பரவினால் முதலில் காணாமல் போவது புள்ளி. ‘பட்டர்வொர்த்’ என்ற சொல்லில் மட்டும் அத்தகைய புள்ளிகள் நான்கு. எங்கள் அனுபவத்தில் அச்சுக்கு 8 புள்ளியே கீழ் எல்லை. இரவில் படிக்கப்படும் தாளுக்கு 9.

அகலத்திலும் வேறுபாடு இருக்கிறது. ‘லெபோ பாசார்’ என்பதில் காதுக்கு ஐந்து எழுத்துகள்தாம். தாளில் ஒற்றைக்கொம்பு, ல, இரட்டைக்கொம்பு, ப, கால் என்று எண்ணிக்கொண்டே போனால் பத்து உருவங்கள் வருகின்றன. அதே பெயரின் உரோம வடிவத்திலும் பத்து எழுத்துகள் உண்டு. ஆனால் அவை ஒவ்வொன்றும் நம் எழுத்தைவிட ஒடுக்கமானவை. மலாய் வரைபடத்தைத் தமிழாக்கும்போது எழுத்துருவை மட்டும் மாற்றினால் பெயர்கள் ஒன்றையொன்று இடிப்பது இதனால்தான்.

தமிழில் பெரிய எழுத்து, சாய்வெழுத்து இல்லையே. முக்கியமான பெயரை எப்படி உயர்த்திக் காட்டுவது?

உரோம எழுத்து வரைபடங்களில் மாநிலத்தைப் பெரிய எழுத்திலும், ஆற்றையும் கடலையும் சாய்வெழுத்திலும் எழுதும் மரபு உண்டு. நமக்கு அளவு, தடிப்பு, நிறம் ஆகிய மூன்றே கருவிகள். அவற்றையும் சிக்கனமாகக் கையாள வேண்டும்: ஒரு வரைபடத்தில் நான்கு படிகளுக்கு மேல் இருந்தால் படிப்பவருக்கு வேறுபாடு பிடிபடாது. நாங்கள் வைத்தவை: வட்டாரப் பெயர் 14 புள்ளி, நடுத்தரத் தடிப்பு, அடர் சாம்பல், ஊர்வலச் சாலை 10 புள்ளி, தடித்த எழுத்து, கறுப்பு, மற்றச் சாலை 9 புள்ளி, சாதாரணத் தடிப்பு. நீர்நிலை 10 புள்ளி, அடர் நீலம்.

நீர்நிலைக்குச் சாய்வு வேண்டும் என்று விரும்புவோர் மென்பொருளின் சாய்வுப் பொத்தானை அழுத்த வேண்டாம். அது நேரான எழுத்தைப் பக்கவாட்டில் தள்ளிவிடும், சுழிகள் கோணலாகும். நோட்டோ செரிஃப் தமிழில் சாய்வுக்கென்றே வரையப்பட்ட வடிவம் இருக்கிறது. பினாங்கு நீரிணைக்கு அதைப் பயன்படுத்தினோம்.

பரந்த நிலப்பரப்பைக் காட்ட எழுத்துகளை அகலமாக இடைவெளிவிட்டுப் பரப்பும் உத்தியை நான் பரிந்துரைப்பதில்லை. உயிர்மெய்யை உடைத்துக் கொம்பை ஓரிடத்திலும் காலை ஓரிடத்திலும் வைக்கும் மென்பொருள்கள் உண்டு. உடைக்காமல் செய்தாலும் ‘நீ ரி ணை’ என்று தனித்தனியாக நிற்பதை நம் கண் ஒரு சொல்லாகக் கூட்டுவதற்குத் தாமதமாகிறது. சொற்களுக்கிடையே மட்டும் இடைவெளியைக் கூட்டினால் போதும்.

ஓர் இடத்தின் பெயரைக் குறிக்கு எந்தப் பக்கம் எழுத வேண்டும்?

மேலே, வலப்புறம். சுவிட்சர்லாந்து வரைபடவியலாளர் எடுவார்ட் இம்ஹோஃப் 1962ஆம் ஆண்டு பெயர்களின் இடவமைப்பைப் பற்றி எழுதிய கட்டுரையில் வகுத்த நெறிகள் இன்றும் பயன்பாட்டில் உள்ளன. இடமிருந்து வலமாகப் படிக்கும் மொழிக்கு வலப்புற மேல்மூலையே முதல் தெரிவு. கியூஜிஐஎஸ்ஸில் ‘பிளேஸ்மென்ட்’ பகுதியில் ‘கார்ட்டோகிராஃபிக்’ என்ற முறையைத் தேர்ந்தெடுத்தால், மென்பொருள் அந்த மூலையில் தொடங்கி, இடமில்லாவிட்டால் மற்ற மூலைகளை வரிசையாக முயன்று பார்க்கும்.

இம்ஹோஃபின் இன்னொரு நெறி பினாங்குக்கென்றே எழுதப்பட்டதுபோல இருக்கிறது: கடற்கரை ஊரின் பெயரைக் கடலின்மீது எழுது, உள்நாட்டு ஊரின் பெயரை நிலத்தின்மீது எழுது, கரைக்கோட்டை எழுத்து வெட்டாமல் பார்த்துக்கொள். ஜார்ஜ்டவுன் என்ற பெயரை நீரிணைப் பக்கம் எழுதினால் நெரிசலான நிலப்பகுதியில் பத்துத் தெருப்பெயர்களுக்கு இடம் மிச்சம். அது துறைமுக நகரம் என்பதும் சொல்லாமலே விளங்கும். பாலிக் புலாவ் தீவின் உட்புறத்தில் இருப்பதால் அதன் பெயர் முழுவதும் நிலத்திலேயே நிற்க வேண்டும். மேற்குக் கரையைத் தாண்டிக் கடலில் நீண்டால் அதைக் கடற்கரை ஊராக எண்ணிவிடுவார்கள்.

தெருப்பெயரைக் கோட்டின் மேல் எழுதுவதா, கோட்டை ஒட்டி எழுதுவதா?

தெரு அகலமான பட்டையாக வரையப்பட்டிருந்தால் பட்டைக்குள் எழுதலாம். ஒற்றைக் கோடாக இருந்தால் கோட்டைத் தொடாமல் அதன் மேற்பக்கத்தில் எழுதுங்கள். ரு, கு, ழு போன்றவை கீழே இறங்குவதால் உரோம எழுத்துக்கு விடும் இடைவெளி நமக்குப் போதாது, 0.5 மில்லிமீட்டரில் தொடங்கி, தேவைப்பட்டால் கூட்டுங்கள். நேரான தெருவுக்கு ‘பேரலல்’ போதும். ஆற்றுக்கும் மலைச்சாலைக்கும் ‘கர்வ்டு’. வளைத்து எழுதும்போது பழைய பதிப்புகளில் உயிர்மெய் எழுத்துகள் பிரிந்துபோவதைக் கண்டிருக்கிறோம். ஆகவே புதிய பதிப்பை நிறுவிக்கொண்டு, ‘சுங்கை பினாங்’ என்ற ஒரு பெயரையாவது பெரிதாக்கிப் பார்த்துவிடுங்கள்.

ஒரே தெருவின் பெயர் ஐந்து முறை வருவதற்குக் காரணம், தரவில் அந்தத் தெரு ஐந்து துண்டுகளாக இருப்பதுதான். ‘ரெண்டரிங்’ பகுதியில் இணைந்த கோடுகளை ஒன்றாக்கும் பெட்டி இருக்கிறது; அதைத் தேர்ந்தெடுத்தால் தீர்ந்தது.

முக்கியமான ஒரு பெயர் மட்டும் வர மறுக்கிறது. என்ன செய்வது?

மென்பொருள் பெயர்களை ஒன்றன்மேல் ஒன்று ஏறவிடாது. இடமில்லாத பெயரை ஓசையின்றி விட்டுவிடும். விடுபட்டவை எவை என்று பார்க்க, லேபிள் கருவிப்பட்டையில் இடம் கிடைக்காத பெயர்களைக் காட்டும் பொத்தான் இருக்கிறது. அதை அழுத்தியதும் அவை சிவப்பில் தோன்றும். எங்கள் தாளில் முதல் முறை அழுத்தியபோது லெபோ குயினில் 1833ஆம் ஆண்டு முதல் இருந்துவரும் ஸ்ரீ மகாமாரியம்மன் ஆலயமே சிவப்பில் நின்றது. தங்க இரதம் புறப்படும் கோயில் அது. அதன் இடத்தை ஒரு வாகன நிறுத்துமிடத்தின் பெயர் பிடித்துக்கொண்டிருந்தது.

ஒவ்வொரு அடுக்குக்கும் (கோயில்கள், சாலைகள் என ஒரே வகைத் தரவின் தொகுதி) 0 முதல் 10 வரை முன்னுரிமை கொடுக்கலாம். கோயில்களுக்கு 10, ஊர்வலச் சாலைகளுக்கு 9, பந்தல்களுக்கு 8 என்று கொடுத்து, வாகன நிறுத்துமிடங்களை 2க்கு இறக்கினோம். ஒரே அடுக்குக்குள் பல தரங்கள் இருந்தால் விதிவழி லேபிள் முறை உதவும். ஒவ்வொரு விதிக்கும் தனி எழுத்து, தனி அளவை எல்லை, தனி முன்னுரிமை வைக்கலாம். அப்படியும் இடம் போதாவிட்டால் பெயரைச் சற்றுத் தள்ளி எழுதி, ‘கால்அவுட்ஸ்’ வசதியால் ஒரு மெல்லிய கோட்டை இழுத்துக் குறியோடு சேர்த்துவிடலாம். ஒன்றிரண்டு இடங்களுக்கு இது நல்ல வழி. இருபது கோடுகள் இழுத்தால் தாள் முள்ளம்பன்றி ஆகிவிடும்.

எழுத்தைச் சுற்றி வெள்ளை விளிம்பு போட வேண்டுமா?

பின்னணியில் கோடுகள் அதிகமாக இருந்தால் வேண்டும். ஆனால் தூய வெள்ளையைத் தவிருங்கள். எங்கள் நிலப்பகுதி வெளிர் மஞ்சள். அதன்மேல் வெள்ளை விளிம்பிட்ட பெயர்கள் ஒட்டுத்தாள் ஒட்டியதுபோலத் துருத்திக்கொண்டு நின்றன. விளிம்புக்கும் அதே வெளிர் மஞ்சளைக் கொடுத்ததும் விளிம்பு கண்ணுக்குத் தெரியாமல், பெயர் மட்டும் தெளிந்தது. தடிப்பு இயல்பாக 1 மில்லிமீட்டர் என்றிருக்கும், 0.6 போதும்.

பச்சைப் பூங்காவின் மேலும் மஞ்சள் நிலத்தின் மேலும் ஒரே பெயர் படர்ந்தால் எந்த நிறமும் முழுமையாகப் பொருந்தாது. அங்கே ‘மாஸ்க்’ வசதி சிறந்தது: பெயருக்கு அடியில் செல்லும் சாலைக் கோட்டை மட்டும் வெட்டிவிட்டு, நிலத்தின் நிறத்தை அப்படியே விட்டுவைக்கும். எழுத்தின் நிறத்துக்கும் பின்னணிக்கும் உள்ள வேறுபாட்டைப் பொறுத்தவரை, இணையப் பக்கங்களுக்கு வகுக்கப்பட்ட 4.5:1 என்ற விகிதத்தை வரைபடத்துக்கும் எல்லையாகக் கொள்ளலாம். சாம்பல் எழுத்தில்தான் பெரும்பாலும் இது தவறிப்போகும்.

நீண்ட பெயரை வரிகளாக உடைப்பது எப்படி?

‘ஃபார்மேட்டிங்’ பகுதியில் இத்தனை எழுத்துக்கு ஒரு வரி என்று எண் கொடுக்கலாம். அந்த எண்ணிக்கை நம் எழுத்தெண்ணிக்கை ஆகாது. ‘கோயில்’ என்ற சொல்லில் நாம் காண்பது மூன்று எழுத்துகள்; கணினிக்குள் க, ஓகாரக் குறி, ய, இகரக் குறி, ல, புள்ளி என்று ஆறு குறியெண்கள். பத்து என்று கொடுத்தால் ஐந்தாறு எழுத்துகளிலேயே வரி மடங்கும். மனத்தில் நினைத்த எண்ணை இரட்டித்துக் கொடுங்கள்.

இந்த முறை சொல்லிடை வெளிகளில் மட்டுமே மடக்கும். ‘பாலதண்டாயுதபாணி’ போன்ற நெடுஞ்சொல்லை நாமேதான் பிரிக்க வேண்டும். தரவில் ‘பால’ என்பதற்குப் பிறகு ஒரு நிலைக்குத்துக் கோட்டை இட்டு, அந்தக் குறியில் வரியை மடக்கு என்று சொல்லிவிடலாம். கோடு அச்சில் வராது. எங்கே பிரிப்பது என்பதற்குப் பொருளே அளவுகோல். ‘பினாங்குப் பாலம்’ இரண்டு வரியாகும்போது முதல் வரியின் ஈற்றில் ‘ப்’ இருக்கட்டும். வரி மடங்கியதற்காக ஒற்றைக் கைவிட வேண்டியதில்லை.

கோப்பைச் சேமித்துத் திறந்தால் பெயரின் வால் அறுந்திருக்கிறது. ஏன்?

கோப்பு ஷேப்ஃபைல் என்ற பழைய வரைபடத் தரவு வடிவத்தில் இருக்கும். அதன் எழுத்துப் புலம் அதிகபட்சம் 254 பைட். பலர் 80 என்று வைத்துக்கொள்கிறார்கள். யூடிஎஃப்-8 குறியாக்கத்தில் ஒவ்வொரு தமிழ்க் குறியெண்ணுக்கும் 3 பைட் தேவை. ‘அருள்மிகு பாலதண்டாயுதபாணி ஆலயம்’ என்பதில் 29 குறியெண்களும் இரண்டு வெளிகளும் உள்ளன. மொத்தம் 89 பைட். 80 பைட் புலத்தில் அது ‘அருள்மிகு பாலதண்டாயுதபாணி ஆல’ என்று நின்றுவிடும். ஜியோபேக்கேஜ் வடிவத்துக்கு மாறிவிடுங்கள். இந்தத் தொல்லை அதில் இல்லை.

‘கொடிமலை’க்கு எழுதிய விதி ஒரு கொடிமலைக்குப் பொருந்துகிறது, இன்னொன்றுக்குப் பொருந்தவில்லையே?

‘கொ’வை இரண்டு வகையாகத் தட்டச்சு செய்ய முடியும்: க என்பதோடு ஒகரக் குறி ஒன்றே, அல்லது க, கொம்பு, கால் என மூன்று. கண்ணுக்கு இரண்டும் ஒன்றே. ஒப்பிட்டுப் பார்க்கும் மென்பொருளுக்கு வெவ்வேறு. கொம்பும் காலும் தனித்தனியாக இருப்பவற்றை ஒரே குறியாக மாற்றி, தரவு முழுவதையும் சீராக்கிக்கொண்டு தொடருங்கள்.

பெயர்களைக் கையால் நகர்த்தி அடுக்கலாமா?

இறுதியில் நகர்த்தித்தான் ஆக வேண்டும். பெயர்கள் மோதாத மிகச் சிறந்த இடவமைப்பைக் கண்டுபிடிப்பது கணினிக்கும் கடினமான கணக்கு. நல்ல விடை கிடைக்கும், மிகச் சிறந்த விடைக்கு உறுதி இல்லை. தவிர, வரைபடத்தைச் சற்று நகர்த்தினாலும் பெரிதாக்கினாலும் மென்பொருள் மீண்டும் முதலிலிருந்து கணக்கிடும். திரையில் பார்த்த இடத்தில் அச்சுத்தாளிலும் பெயர் இருக்கும் என்று நம்ப வேண்டாம்.

ஆகவே அளவை, தாள், எழுத்துரு ஆகியவை முடிவான பிறகே நகர்த்தும் வேலையைத் தொடங்குங்கள். நகர்த்திய இடங்கள் துணைச் சேமிப்பில், நீங்கள் தேர்ந்தெடுக்கும் அடையாள எண் புலத்தோடு பிணைக்கப்பட்டு நிற்கும். தரவைப் புதிதாகப் பதிவிறக்கி அந்த எண்கள் மாறிவிட்டால் உழைப்பெல்லாம் போகும். எங்களுக்கு ஒரு முறை போனது. அதன்பின் பந்தல்களுக்கு நாங்களே எண்ணிட்டு, பதிவிறக்கும் தரவோடு கலக்காமல் தனி அடுக்கில் வைத்துக்கொள்கிறோம். விளக்கப் பெட்டியும் திசைக்குறியும் பெயர்களை மறைக்காதிருக்க, அச்சு வடிவமைப்பில் வரைபடத்தின் லேபிள் அமைப்புக்குச் சென்று அவற்றைத் தடைப்பொருள்களாகக் குறித்துவிடலாம்.

அச்சகத்தில் எழுத்துகள் சிதைந்து வருகின்றன. எப்படித் தவிர்ப்பது?

பிடிஎஃப் கோப்பாக வெளியிடும்போது எழுத்தை எழுத்தாகவே வைப்பதா, கோட்டுருவமாக (வரைந்த வடிவமாக) மாற்றுவதா என்று கியூஜிஐஎஸ் கேட்கும். கோட்டுருவத்தைத் தேர்ந்தெடுங்கள். எழுத்தாக வைத்த கோப்பை அச்சகத்தார் வேறொரு மென்பொருளில் திறந்து ஓரத்தைச் சற்றுத் திருத்தியபோது, எங்கள் தாளில் கொம்புகளெல்லாம் தத்தம் எழுத்துக்குப் பின்னால் போய் நின்றன; ஐந்நூறு படிகள் அச்சான பிறகுதான் பார்த்தோம். கோட்டுருவக் கோப்பில் சொல்லைத் தேட முடியாது. அதனால் தொலைபேசியில் பகிர்வதற்கு எழுத்துள்ள கோப்பு ஒன்றும், அச்சுக்குக் கோட்டுருவக் கோப்பு ஒன்றும் தனித்தனியே வெளியிடுகிறோம்.

இதே சிதைவு இணைய வரைபடங்களிலும் நேரலாம். எழுத்துருவங்களைக் குறியெண் வரிசையில் ஒவ்வொன்றாக எடுத்து அடுக்கும் நிரல் நூலகங்களுக்குத் தமிழின் கொம்பு எழுத்துக்கு முன்னால் வர வேண்டும் என்பது தெரியாது. எந்த நூலகத்தையும் ஏற்பதற்கு முன் ‘பெருமாள் கோயில்’ என்று ஒரு பெயரை எழுதிப் பாருங்கள். கொம்பு ‘ப’வுக்குப் பின்னால் நின்றால், அந்த நூலகத்தை விட்டுவிட்டு, கியூஜிஐஎஸ்ஸிலேயே பெயர்களோடு வரைந்த படத்துண்டுகளை உருவாக்கி இணையத்தில் ஏற்றிவிடலாம்.